நஞ்சுக்கொடி நோய்களின் பெயரும் எண்ணும்: ஒரு வரலாற்று ஆய்வு

பெயரிடுதல் அறிவின் தொடக்கம். வகைப்படுத்துதல் அதன் வளர்ச்சி. இலக்கணம் பயின்றோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். எழுத்தையும் சொல்லையும் பொருளையும் வகுத்தும் தொகுத்தும் விரித்தும் காணும் நெறியில் பழகிய நமக்கு, மருத்துவத் துறையார் நோய்களை வகுத்து எண்ணிட்டு வைத்திருக்கும் முறை முற்றிலும் அயலானது அன்று. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில், மருத்துவமனை ஏட்டிலும் இறப்புச் சான்றிலும் எழுதப்படும் ஒவ்வொரு நோய்ப் பெயரும் ஒரு குறியெண்ணாக மாற்றப்படுகின்றது. அக்குறியெண்களின் தொகுதியே நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு எனப்படுவது. அதனுள் கருவுற்ற மகளிர்க்கு நஞ்சுக்கொடியால் நேரும் நோய்கள் எவ்வாறு இடம்பெற்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இத்தனை பெரிய தொகுதியுள் இச்சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன் என்று வினவலாம். மகப்பேற்றில் தாயர் இறப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலிடம் பெறுவது குருதிப்பெருக்கு. உலக நல நிறுவனத்தின் அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2003 முதல் 2009 வரை உலகில் நிகழ்ந்த தாயர் இறப்புகளுள் 27.1 விழுக்காடு குருதிப்பெருக்கால் நிகழ்ந்தவை. அப்பெருக்கின் ஊற்றுக்கண் பலகால் நஞ்சுக்கொடியே. ஆகவே, நஞ்சுக்கொடி நோய்களுக்குப் பெயரும் எண்ணும் அமைந்த வரலாறு, தாயர் எதனால் இறந்தனர் என்பதை உலகம் சிறிது சிறிதாகக் கண்டறிந்த வரலாறே ஆகும்.

1. உறுப்பின் பெயர்

முதற்கண் உறுப்பின் பெயரை நோக்குவோம். மேலைநாட்டு மருத்துவ நூல்கள் வழங்கும் ‘பிளாசன்டா’ என்னும் சொல் இலத்தீனில் தட்டையான அப்பத்தைக் குறிப்பது. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரியால்டோ கொலம்போ 1559இல் வெளிவந்த தம் நூலில் இவ்வுறுப்புக்கு அப்பெயரை வழங்கினார். செருமானியர் இதனைத் ‘தாய் அப்பம்’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். இவை வடிவம் பற்றி வந்த பெயர்கள். ஆங்கில மக்கள் வழக்கிலோ ‘பின்பேறு’ என்று பொருள்படும் சொல் உண்டு. குழந்தைக்குப் பின் வெளிப்படுவது என்னும் காலம் பற்றி அமைந்த பெயர் அது.

தமிழில் நஞ்சு, நச்சுக்கொடி, நஞ்சுக்கொடி என்பன மக்கள் நாவில் வழங்குவன. ஆவின் நஞ்சுக்கொடியை இளங்கொடி என்பர். தமிழகப் பாடநூல்கள் ‘தாய்சேய் இணைப்புத் திசு’ என்றும், ஈழத்துப் பாடநூல்கள் ‘சூல்வித்தகம்’ என்றும் கலைச்சொல் ஆக்கிக்கொண்டன. விடத்தைக் குறிக்கும் நஞ்சும் இவ்வுறுப்பைக் குறிக்கும் நஞ்சும் ஒரு சொல்லின் இரு பொருள்களா, இரு வேறு சொற்களா என்பது சொல்லாராய்ச்சிக்கு உரியது. எவ்வாறாயினும், குழந்தை பிறந்தபின் இது வெளிவராது தங்கின் தாயின் உயிர்க்கு ஊறு நேரும் என்பதை மருத்துவச்சியர் எந்நாட்டினும் பண்டே அறிந்திருந்தனர். கருப்பையினுள் குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் தந்து வளர்ப்பது இவ்வுறுப்பு. தன் இடத்திலும் காலத்திலும் பிறழ்ந்தால் தாயையும் சேயையும் ஒருங்கே அழிக்க வல்லதும் இதுவே.

2. நோய்களின் வேறுபாடு

நஞ்சுக்கொடியின் பிறழ்ச்சிகளுள் மூன்று தலையாயவை. முதலாவது, அது கருப்பையின் மேற்பகுதியில் பற்றாமல் கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடி நிற்பது. இதனைப் ‘பிளாசன்டா பிரீவியா’ என்பர். ‘பிரீவியா’ என்பது வழிக்கு முன் நிற்பது என்று பொருள்படும். குழந்தை வெளிவரும் வழியை அது மறித்து நிற்றலின், நாம் இதனை ‘வழிமறித்த நஞ்சுக்கொடி’ எனலாம். இரண்டாவது, உரிய இடத்தில் பற்றியிருந்தும் குழந்தை பிறக்குமுன்னரே அது கருப்பைச் சுவரினின்று பெயர்ந்துவிடுவது. இது ‘முன்பிரிவு’ எனத் தகும். மூன்றாவது, கருப்பைத் தசையோடு அளவிறந்து ஒட்டி வளர்ந்து, பேற்றிற்குப் பின்னும் பிரியாதிருப்பது. இதனை ‘ஒட்டிய நஞ்சுக்கொடி’ என்போம்.

இவற்றுள் முதல் இரண்டும் பேற்றிற்கு முன் குருதியாகவே வெளிப்படும். ஆதலின் நெடுங்காலம் அவை ஒன்றாகவே கருதப்பட்டன. கருப்பை வாயில் நஞ்சுக்கொடியைக் கையால் தொட்டுணர்ந்த பழைய மருத்துவர்கூட, அது மேலிருந்து கழன்று கீழே விழுந்தது என்றே எண்ணினர். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மகப்பேற்று மருத்துவருள் புகழ் பெற்று விளங்கிய மோரிசோவும் அவ்வாறே கொண்டார். அது விழுந்தது அன்று, அங்கேயே பற்றி வளர்ந்தது என்ற உண்மையைப் பாரிசு நகரத்துப் பால் போர்ட்டல் 1685இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார்.

அவ்வுண்மையை மருத்துவச் செயலுக்கு அடிப்படையாக்கியவர் இங்கிலாந்தில் நாரிச்சு நகரில் மருத்துவம் செய்த எட்வர்டு ரிக்பி. 1775இல் வெளிவந்த அவர் நூல் பேற்றுக்கு முற்பட்ட குருதிப்பெருக்கை இரண்டாகப் பகுத்தது. உரிய இடத்தில் இருந்த நஞ்சுக்கொடி யாதேனும் ஒரு காரணத்தால் பெயர்வதால் வருவது ‘தற்செயற் பெருக்கு’. வாயில் பற்றிய நஞ்சுக்கொடி, வாய் திறக்குந்தோறும் கிழிவதால் வருவது ‘தவிர்க்கவியலாப் பெருக்கு’. முன்னதில் பொறுத்திருக்க இடமுண்டு. பின்னதில் காலந்தாழ்த்தாது குழந்தையைத் திருப்பி எடுத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. வெளியில் காணும் குருதி ஒன்றே. அதன் காரணம் இரண்டு. காரணத்திற்கேற்பச் செய்யும் செயலும் இரண்டு. நஞ்சுக்கொடி நோய்களின் வகைப்பாடு இங்குத்தான் வேர்கொண்டது எனலாம்.

ஆயின் இப்பகுப்பில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இன்ன வகை என்று அறிய மருத்துவர் விரலைச் செலுத்தித் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அத்தொடுதலே பெரும் குருதிப்பெருக்கை எழுப்பக்கூடும். அறிவதற்குச் செய்யும் செயலே அழிவிற்குக் காரணமாகும் இவ்விடர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பெல்பாசுட்டு நகரத்து மக்காஃபி என்பார் 1945இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு தொட்டுப் பார்த்தலைத் தவிர்த்து, தாயை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, குழந்தை முதிருமளவும் காத்திருக்கும் நெறியை வலியுறுத்தினார். பின்னர் மீயொலிக் கருவி வந்தது. கிளாசுகோ நகரில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் 1958இல் அதன் பயனை உலகிற்கு அறிவித்தனர். 1966இல் அமெரிக்க மருத்துவர் சிலர் அக்கருவியால் நஞ்சுக்கொடியின் இடத்தைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். தொடாமலே, குருதி ஒழுகுமுன்னரே, நோயைக் காணும் வழி அப்போது திறந்தது. இந்நிகழ்ச்சியைப் படிப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும். குறியெண்களின் பிற்கால மாற்றத்திற்கு இதுவே திறவுகோல்.

3. இறப்புப் பட்டியல்களில் தாயர்

மருத்துவர் நோயாளியின் அருகிருந்து கண்ட வேறுபாடு ஒருபுறம் இருக்க, அரசின் ஏடுகளில் தாயர் இறப்பு எவ்வாறு பதியப்பட்டது என்பதைக் காண்போம். இலண்டன் நகரின் பழைய இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்டு 1662இல் ஒரு நூல் இயற்றினார். அப்பட்டியல்களில் மகப்பேற்றில் இறந்த பெண்டிர்க்கு ‘பேற்றுப் படுக்கை’ என்னும் ஒரே தலைப்புத்தான் உண்டு. பிணத்தைப் பார்த்துக் காரணம் கூறியோர் அதற்கென அமர்த்தப்பட்ட முதிய பெண்கள். படுக்கையில் இறந்தாள் என்பதற்கு மேல் அப்பட்டியல் ஒன்றும் உரைக்கவில்லை. இறந்த இடமே இறப்பின் காரணமாக நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837இல் தொடங்கியது. அதன் புள்ளியியற் பணியை ஏற்ற வில்லியம் பார், நோய்ப் பெயர்கள் ஒரு நெறிப்படாமையால் நேரும் குழப்பத்தை 1839 முதல் எடுத்துக்காட்டி வந்தார். ஒரே நோய்க்குப் பல பெயரும், பல நோய்க்கு ஒரே பெயரும் வழங்கின், எண்ணிக்கை எண்ணிக்கையாகாது என்பது அவர் கருத்து. 1853இல் பிரசல்சு நகரில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு, அவரையும் செனீவா நகரத்து மார்க் தெஸ்பீன் என்பாரையும் ஒரு பொதுப் பட்டியல் வகுக்குமாறு வேண்டியது. இருவரும் இரு வேறு கொள்கையில் இரு பட்டியல் தந்தனர். 1855இல் மாநாடு இரண்டையும் இணைத்து 139 தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றது.

அதன் வழித்தோன்றலாகப் பாரிசு நகரத்து ஜாக் பெர்ட்டில்லான் தொகுத்த பட்டியல் 1893இல் சிகாகோ நகரில் ஏற்கப்பெற்றது. 1900இல் பாரிசில் 26 நாடுகளின் பேராளர் கூடி அதனைத் திருத்தி, 179 தலைப்புகளாக்கினர். 1909இல் வெளிவந்த இரண்டாம் திருத்தத்தில் மகப்பேற்றைச் சார்ந்த இறப்புகளுக்கு 134 முதல் 141 வரை எட்டு எண்கள் உள. அவற்றுள் 135ஆம் எண் ‘பேற்றுக் குருதிப்பெருக்கு’ என்பது. பேற்றுப் படுக்கை என்ற ஒரு சொல்லில் அடங்கிய இறப்பு எட்டாகப் பிரிந்தது வளர்ச்சியே. எனினும் நஞ்சுக்கொடிக்கு அவ்வெட்டனுள்ளும் தனித் தலைப்பு இல்லை. ரிக்பி இரு வகை கண்டு 134 ஆண்டுகள் சென்றபின்னும், பன்னாட்டு ஏட்டில் குருதி மட்டுமே எண் பெற்றது. குருதியின் காரணம் எண் பெறவில்லை.

இதனைக் குறையாகக் கூறுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அக்காலப் பட்டியல் இறப்பிற்காக வகுக்கப்பட்டது. வீட்டிலேயே பெற்று வீட்டிலேயே இறந்தோர் பலர். நஞ்சுக்கொடியின் நிலையைக் கண்டு எழுதுவோர் எத்துணைப் பேர் இருந்தனர்? எனவே எல்லோரும் காணத்தக்க குருதியைத் தலைப்பாக்கியது நடைமுறைக்கு ஒத்ததே என்பர். அது பொருந்தும். ஆயின் அதன் விளைவையும் நாம் மறத்தற்கில்லை. எண் இல்லாதது எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதது ஆட்சியாளர் கண்ணுக்குப் புலனாவதில்லை.

4. இறப்பிலிருந்து நோய்க்கு

1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு உலக நல நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்ட ஆறாம் திருத்தம், இறப்புக் காரணங்களோடு உயிரோடிருப்போர் நோய்களையும் முதன்முறையாகத் தன்னுள் அடக்கியது. இறப்பு நிகழ்ச்சிகளின் தொடரை முதலில் தொடங்கிவைத்த நோயையே அடிப்படைக் காரணமாகக் கொள்ளல் வேண்டும் என்ற விதியும், அதற்கேற்ற இறப்புச் சான்றுப் படிவமும் அப்போது பன்னாட்டு நெறியாயின. இவ்விதியின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வழிமறித்த நஞ்சுக்கொடியால் குருதி இழந்து, அதிர்ச்சியுற்று, இதயம் நின்று ஒரு தாய் இறக்கின்றாள். ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால், அவள் கருவுற்றிருந்தாள் என்பதுகூட ஏட்டினின்று மறைந்துவிடும். தொடரின் முதலை எழுதச் சொல்லும் விதியே அவளைத் தாயாக ஏட்டில் நிலைபெறச் செய்கின்றது.

அவ்வாறாம் திருத்தத்தில் வழிமறித்த நஞ்சுக்கொடி 643 என்னும் தனி மூவிலக்க எண்ணைப் பெற்றது. இது கருவுற்ற காலத்தைச் சார்ந்தது. பேற்றைச் சார்ந்த பகுதியில், வழிமறித்த நஞ்சுக்கொடியாலோ பேற்றுக்கு முற்பட்ட பெருக்காலோ சிக்கலுற்ற பேறு 670 என்றும், தங்கிய நஞ்சுக்கொடியால் சிக்கலுற்றது 671 என்றும் அமைந்தன. ஒரே நோய்க்குக் காலம் பற்றி இரு இடங்கள் வகுக்கப்பட்டதை ஈண்டுக் கருத்திற் கொள்க.

1975இல் முடிவான ஒன்பதாம் திருத்தத்தில் 641ஆம் எண் நஞ்சுக்கொடிக்கு உரியதாயிற்று. அதன் உட்பிரிவுகளை வரிசைப்படுத்திக் காண்போம். 641.0 குருதிப்பெருக்கு இல்லாத வழிமறித்த நஞ்சுக்கொடி; 641.1 அதனால் வரும் குருதிப்பெருக்கு, 641.2 முன்பிரிவு, 641.3 குருதி உறையாமைக் குறையோடு கூடிய முற்பெருக்கு. இவற்றுள் முதலாவது வரலாற்று நோக்கில் மிகச் சிறந்தது. குருதிப்பெருக்கு ‘இல்லாத’ நோய் ஒன்று எண் பெறுவதை நோக்குக. ரிக்பிக்கு இந்நோய் குருதிப்பெருக்கின் ஒரு வகை. 1975இல் குருதி ஒரு துளியும் சிந்துமுன்னரே அது நோய். மீயொலிக் கருவியால் காணப்பட்டதே இம்மாற்றத்தின் காரணம் என்பது வெளிப்படை. பெயர் விளைவை விட்டுக் காரணத்தைப் பற்றியது.

641.3 என்பதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. முன்பிரிவு நேர்ந்த தாயரிடம் சிலபோது குருதி உறையும் தன்மையை இழந்து நில்லாது ஒழுகும். அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிலீ 1901இல் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை எழுதி வெளியிட்டார். பத்தாம் திருத்தம் இவ்வுறவை மேலும் தெளிவாக்கி, முன்பிரிவின் கீழேயே ‘உறையாமைக் குறையோடு கூடியது’ என்ற உட்பிரிவை அமைத்தது. ஒரு மருத்துவர் ஒரு தாயிடம் கண்டதை உலகப் பொது ஏடு ஓரிடம் தந்து ஏற்க எத்துணைக் காலம் செல்கின்றது என்பதற்கு இது சான்று.

5. ஒட்டிய நஞ்சுக்கொடி

மூன்றாம் வகையாகிய ஒட்டிய நஞ்சுக்கொடியின் வரலாறே நம் ஆய்வின் நடுநாயகம். பாசுட்டன் நகரத்து இர்விங், ஹெர்ட்டிக் என்னும் இருவர் 1937இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினர். மருத்துவர் இதனை ஒட்டலின் ஆழம் பற்றி மூன்றாக்கி அக்ரீட்டா, இன்க்ரீட்டா, பெர்க்ரீட்டா என வழங்குவர். மூன்றும் வளர்தலைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வினையடியினின்று பிறந்தவை. முன்னொட்டு மட்டுமே வேறு. ஒட்டி வளர்ந்தது, உள்ளே வளர்ந்தது, ஊடுருவி வளர்ந்தது என்பன முறையே அவற்றின் பொருள். மூன்றாம் வகை கருப்பைச் சுவரையும் கடந்து சிறுநீர்ப்பையை எட்டுவதும் உண்டு. ஒரு சிறு முன்னொட்டின் வேறுபாடு ஒரு தாயின் உயிர்க்கும் இறப்பிற்கும் இடைப்பட்ட தொலைவாதலைச் சொல்லறிஞர் எண்ணிப்பார்த்தல் தகும்.

இந்நோய் முற்காலத்தில் அரிது. கருப்பையில் அறுவையின் வடு இருப்பின், அவ்வடுவில் நஞ்சுக்கொடி ஆழ்ந்து பற்றுவது எளிதாகின்றது. அமெரிக்க நாட்டில் அறுவைப் பேறு 1965இல் நூற்றுக்கு 4.5 ஆக இருந்து, 2009இல் 32.9 ஆக உயர்ந்தது. 2006இல் சில்வர் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட பேராய்வு இதன் விளைவை எண்களால் காட்டிற்று. வழிமறித்த நஞ்சுக்கொடியுடைய தாயருள், முதல் அறுவைப் பேற்றில் நூற்றுக்கு மூவர்க்கு ஒட்டிய நிலை காணப்பட்டது. இரண்டாம் அறுவையில் அது 11 ஆகவும், மூன்றாவதில் 40 ஆகவும், நான்காவதில் 61 ஆகவும், ஐந்தும் அதற்கு மேலும் ஆயின் 67 ஆகவும் ஏறியது. இரு நோய்களும் ஒருங்கு சேருமிடத்து இடர் இவ்வாறு படிப்படியாக அன்றிப் பாய்ந்து பெருகுகின்றது.

இவ்வாறு நோய் பெருகிய காலத்தில் அதன் எண் யாது? அமெரிக்க நாட்டு மருத்துவமனைகள் 1979 முதல் 2015 செப்டம்பர் இறுதிவரை ஒன்பதாம் திருத்தத்தின் அந்நாட்டு வடிவையே பயன்படுத்தின. அதில் ஒட்டிய நஞ்சுக்கொடிக்குத் தனி எண் இல்லை. குருதிப்பெருக்கு இருப்பின் மூன்றாம் நிலைப் பெருக்கைக் குறிக்கும் 666.0, இல்லையேல் தங்கிய நஞ்சுக்கொடியைக் குறிக்கும் 667.0. சற்றே காலந்தாழ்ந்து எளிதில் வெளிவந்த நஞ்சுக்கொடியும், கருப்பையையே அகற்ற நேர்ந்த நஞ்சுக்கொடியும் ஓரெண்ணில் அடங்கின. ஏடுகளை ஆராய்ந்தோர், எண்ணைக் கொண்டு இந்நோயைப் பிரித்தறிய இயலாமல், கருப்பை அகற்றிய குறிப்பு முதலிய மறைமுகச் சான்றுகளைத் தேட நேர்ந்தது. நோய் மிகுந்த காலமும் அதற்கு எண் இல்லாத காலமும் ஒன்றாயிருந்தன என்பது வருந்தத்தக்க உண்மை.

1990 மே மாதத்தில் உலக நலப் பேரவை ஏற்ற பத்தாம் திருத்தமும் தொடக்கத்தில் இந்நோயைத் தங்கிய நஞ்சுக்கொடியோடு சேர்த்து, ஓ72, ஓ73 என்னும் இடங்களிலேயே வைத்திருந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்டதே ஓ43.2 என்னும் எண். இவ்விடமாற்றத்தின் பொருளை நுணுகிக் காணல் வேண்டும். ஓ72, ஓ73 ஆகியவை பேற்றின் சிக்கல்கள் என்னும் பகுதியில் உள்ளவை. ஓ43, ஓ44, ஓ45 ஆகியவை கருவுற்ற காலத்துத் தாய்க்கு அளிக்கும் கவனிப்பு என்னும் பகுதியைச் சார்ந்தவை. முன்னைய இடத்தில், குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வாராதபோதுதான் நோய் பிறக்கின்றது. பின்னைய இடத்தில், கருவுற்றிருக்கும்போதே நோய் உண்டு, அதனை முன்னரே காணலாம், காண்பின், வல்ல மருத்துவர் உள்ள இடத்திற்குத் தாயை அனுப்பலாம், குருதியைச் சேமித்து வைக்கலாம், நாளைக் குறிக்கலாம். எண்ணின் இடம் மாறியது. நோயின் காலமும் உடன் மாறியது.

6. குறியெண்ணின் அமைப்பு

அமெரிக்க நாட்டில் 2015 அக்டோபர் முதல் நாள் தொட்டு வழங்கிவரும் பத்தாம் திருத்த வடிவில் இக்குறியெண்கள் மேலும் விரிந்தன. அவற்றை ஒரு தொகைச்சொல்லைப் பிரிப்பதுபோல் பிரித்துக் காணலாம். ஓ43.213 என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஓ’ என்னும் எழுத்து கருவுற்றல், பேறு, பேற்றுப் பின்காலம் ஆகியவற்றின் இயல். 43 நஞ்சுக்கொடி நோய்கள். புள்ளிக்குப் பின்வரும் 2 ஒட்டிய வகை. அடுத்த 1 அவ்வகையுள் அக்ரீட்டா. இறுதி 3 கருவுற்ற காலத்தின் மூன்றாம் பகுதி. அதாவது 28 வாரம் நிறைந்தபின் உள்ள காலம்.

இறுதியில் நிற்கும் காலக்குறி வெறும் அணி அன்று. கருவுற்ற நடுக்காலத்தில் நஞ்சுக்கொடி தாழ்ந்து காணப்படின், கருப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர அது பெரும்பாலும் வாயினின்று விலகிவிடும். அதே தாழ்நிலை இறுதிக் காலத்திலும் நிற்பின் நிலைமை வேறு. இவ்வேறுபாட்டைக் கருதியே, 2016 அக்டோபர் முதல் ஓ44 என்பது முற்றும் மறித்தது, ஒருபுடை மறித்தது, தாழ்ந்து நின்றது என மூன்றாகி, ஒவ்வொன்றும் குருதிப்பெருக்கு உண்மையும் இன்மையும் பற்றி இரண்டாகி, ஆறு உட்பிரிவு பெற்றது. இடம், விளைவு, காலம் என்னும் மூன்றும் ஓரெண்ணில் அமைந்துவிட்டன.

எட்டும் ஒன்பதும் இவ்வமைப்பில் தனிப்பணி உடையவை. ‘பிற’ என்பதற்கு எட்டும், ‘குறிப்பிடப்படாதது’ என்பதற்கு ஒன்பதும் பெரும்பாலும் வருகின்றன. இலக்கண நூலார் இயலின் இறுதியில் புறனடை அமைத்தலை இஃது ஒக்கும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. எட்டு, நோய் அறியப்பட்டும் தனியிடம் பெறாமையைக் காட்டும். ஒன்பது, மருத்துவர் எழுதாமையைக் காட்டும். முன்னது பட்டியலின் குறை; பின்னது ஏட்டின் குறை. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பிழை.

7. எண்ணின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால், எண் நுண்ணிதாகுந்தோறும் உண்மை தெளிவாகும் என்று துணிதல் கூடாது. அக்ரீட்டா, இன்க்ரீட்டா, பெர்க்ரீட்டா என்னும் மூன்றையும் ஐயமறப் பிரித்தறிவதற்கு, அகற்றிய கருப்பையை நுண்ணோக்கியால் ஆராய்தல் பலகால் வேண்டியதாகும். கருப்பை அகற்றப்படாத தாயிடம் அச்சான்று கிடையாது. அப்போதும் குறியீட்டாளர் ஏதேனும் ஓரெண்ணை இட்டே தீரல் வேண்டும். ஐயத்திற்கிடமான குறிப்பும் எண்ணாக மாறியபின் உறுதியுடையதுபோல் தோன்றும். இதனையெல்லாம் கருதியே மகளிர் மருத்துவப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளில் மூன்றையும் ஒரு தொடர்நிலையாகக் கொண்டு பொதுப்பெயர் இட்டது. பட்டியல் பிரிக்கும்போது மருத்துவம் இணைப்பதும், பட்டியல் இணைக்கும்போது மருத்துவம் பிரிப்பதும் இவ்வரலாற்றில் நாம் காணும் இழுபறி.

இன்னும் இடம் மாறாத நோய் ஒன்றும் உண்டு. நஞ்சுக்கொடியினின்று செல்லும் குழந்தையின் குருதிக்குழாய்கள், காப்பின்றிச் சவ்வினூடே கருப்பை வாயின்மேல் படர்ந்து கிடத்தலை ‘வாசா பிரீவியா’ என்பர். பனிக்குடம் உடையும்போது அவையும் உடையின், ஒழுகுவது தாயின் குருதி அன்று, சேயின் குருதி. அது சில நிமிடங்களில் இறந்துபடும். 2004இல் ஒயலேசே என்பாரும் பிறரும் 155 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தனர். முன்னரே கண்டறியப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 97 பிழைத்தன. கண்டறியப்படாதவற்றுள் 44 மட்டுமே பிழைத்தன. காணுதலே உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயினும் பத்தாம் திருத்தத்தில் இதன் எண் ஓ69.4, பேற்றுக்காலச் சிக்கல்கள் என்னும் பகுதியிலேயே அது நிற்கின்றது. ஒட்டிய நஞ்சுக்கொடி கடந்து வந்த தொலைவை இந்நோய் அவ்வேட்டில் கடக்கவில்லை.

8. தமிழில் இவ்வேறுபாடுகள்

மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முனைந்தோருள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் முன்னோடி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார்; மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றையும் தமிழாக்கினார். நூறாண்டுக்கு மேற்பட்ட அம்முயற்சிக்குப் பின்னும், வழிமறித்தல், முன்பிரிவு, ஒட்டல், தங்கல் ஆகிய நான்கையும் ஐயமின்றிப் பிரித்துரைக்கும் ஒருமித்த சொற்கள் தமிழ் மக்கள் வழக்கில் வேரூன்றவில்லை. ‘நஞ்சு இறங்கவில்லை’, ‘கொடி கீழே இருக்கிறது’ என்பனவே பெரும்பாலும் கேட்கப்படுவன.

இது சொல்லழகு பற்றிய குறை அன்று. முன்னைய அறுவையில் தனக்கு நேர்ந்தது யாது என்று தாய் கூறும் சொல், அடுத்த பேற்றில் அவளைக் காணும் மருத்துவர்க்குச் சான்றாகின்றது. நஞ்சு தங்கியதா, ஒட்டியதா என்பதை அவள் அறிந்து கூறின் ஒரு வழி. அறியாது கூறின் வேறு வழி. 666.0 என்னும் ஓரெண் இரு வேறு நோய்களை ஒன்றாக்கியதுபோல், ‘நஞ்சு இறங்கவில்லை’ என்னும் ஒரு தொடரும் இரண்டை ஒன்றாக்கிவிடும். கலைச்சொல் ஆக்குவோர் வடிவம் பற்றிய பெயரோடு அமையாது, நோயின் இடத்தையும் காலத்தையும் புலப்படுத்தும் எளிய சொற்களை ஆக்கித் தருதல் தலையாய கடனாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். இறந்த இடத்தின் பெயரால் ‘பேற்றுப் படுக்கை’ என்று 1662இல் காணப்பட்டது. வெளிப்பட்ட விளைவின் பெயரால் ‘குருதிப்பெருக்கு’ என்று 1909இல் எண் பெற்றது. காரணமாகிய உறுப்பின் பெயரால் 1948இல் தனியெண் கொண்டது. குருதி தோன்றுமுன்னரே நோயெனக் கருதப்பட்டு 1975இல் வேறு எண் அடைந்தது. ஒட்டிய வகையோ பேற்றின் பின்னிருந்து பேற்றின் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. இறப்பிற்குப் பின் எழுதிய ஏடு படிப்படியாகப் பிறப்பிற்கு முன் எழுதும் ஏடாக மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

ஒவ்வொரு படியிலும் நோயாளியின் அருகில் கண்ட அறிவு முன் சென்றது. பட்டியல் பின் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இறந்த தாயர் வேறொரு பெயரின் கீழ் எழுதப்பட்டனர். 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தின் முன்னும் இவ்விடைவெளியைக் குறைத்தல் என்னும் பணியே நிற்கின்றது. குறியெண் இடுவோர் கையில் இருப்பது எண் மட்டும் அன்று. ஒரு தாயின் இறுதிக் காரணமும், அடுத்து வரும் தாயின் முன்னறிவிப்பும் அதனுள் அடங்கியிருக்கின்றன.